யென்மென் கணவாயில் ஒரு முறிந்த அம்பு

வாளும் கைவன்மையும் பேசும் கதைகளில் மன்னிப்புக்கு இடமுண்டோ? சீன மொழியின் வரலாற்று வீரக்கதைகளைத் தொலைக்காட்சியில் காண்போர், கூரைமீது பறக்கும் வீரர்களையும் உள்ளங்கை வீச்சில் சிதறும் பாறைகளையுமே பெரும்பாலும் நினைவில் கொள்கின்றனர். ஆனால் அவற்றுள் சிறந்தவை ஒரு பழைய வினாவைச் சுமந்து நிற்கின்றன. கொலைக்குக் கொலை என்னும் கணக்கு எங்கே முடிகிறது? அவ்வினாவை நேர்மையோடு எழுப்பும் தொடர்களுள் ஒன்று, 2003ஆம் ஆண்டில் சீனத் தொலைக்காட்சியில் 40 பகுதிகளாக வெளிவந்த ‘தியென்லொங் பாபு’.

ஜின் யோங் என்னும் புனைபெயரில் எழுதிய ஹாங்காங் இதழாசிரியர் ஒருவரின் புதினமே இதன் மூலம். 1959இல் ‘மிங் பாவ்’ நாளிதழை நிறுவிய அவர், 1963 தொடங்கி இக்கதையைத் தொடராக எழுதினார், 2018இல் மறைந்தார். பௌத்த நூல்களில் வரும் தேவர், நாகர், இயக்கர், கந்தருவர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர் என்னும் எண்வகைக் கணங்களைக் குறிப்பதே தலைப்பு. இவர்களுள் பலர் நம் இலக்கியம் கூறும் பதினெண் கணங்களிலும் உள்ளவர்களே. ஆயினும் கதையில் ஒரு தேவரும் இல்லை, ஒரு நாகரும் இல்லை. ஆசை, சினம், மயக்கம் என்பவற்றில் சிக்கித் தவிக்கும் மனிதரையே ஆசிரியர் அப்பெயரால் சுட்டுகிறார்.

கதையின் களம் பதினோராம் நூற்றாண்டின் இறுதி. தெற்கே சீனரின் சொங் பேரரசு. வடக்கே கித்தான் இனத்தாரின் லியாவ் பேரரசு. 1005இல் எழுதப்பட்ட உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் வெள்ளியும் பட்டும் கொடுத்துச் சொங் அரசு அமைதியைப் பெற்றிருந்தது. போர் ஓய்ந்திருந்ததேயன்றி, வெறுப்பு ஓய்ந்திருக்கவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே மலைகளைப் பிளந்து கிடக்கும் யென்மென் கணவாயில்தான் கதையின் முதற் குருதி சிந்துகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பொய்ச் செய்தி ஒன்றை நம்பிய சீன வீரர்கள், அக்கணவாயின் வழியே வந்த கித்தான் குடும்பத்தை மறைந்திருந்து தாக்கினர். தாய் மாண்டாள். தந்தை பள்ளத்தாக்கில் பாய்ந்தார். எஞ்சிய பச்சிளங்குழந்தையைச் சீன உழவர் ஒருவரும் அவர் மனைவியும் வளர்த்தனர். அவனே சியாவ் ஃபெங். வளர்ந்து, இரவலர் சங்கத்தின் தலைவனாகி, சீன மண்ணுக்காகப் பலமுறை உயிரைப் பணயம் வைத்தவன். ஒருநாள் அவன் பிறப்பு வெளிப்படுகிறது. நேற்றுவரை அவனை வணங்கியவர் இன்று அவனோடு கிண்ணம் உடைத்து உறவை முறிக்கின்றனர். அவன் செய்தவற்றில் ஒன்றும் மாறவில்லை. அவன் யாருக்குப் பிறந்தான் என்பது மட்டுமே தெரியவந்தது. பிறப்பைக் கேட்டு மனிதனை எடைபோடும் பாவம் நம் ஆலய முற்றங்களும் அறியாததன்று. ஆகவே இக்காட்சியை நாம் தொலைவிலிருந்து பார்த்துவிட இயலாது.

பெற்றோரைக் கொன்றவரைத் தேடிப் புறப்படும் சியாவ் ஃபெங், தீயவள் ஒருத்தியின் பொய்யை நம்பித் தவறான மனிதரைப் பகைவர் என்று கொள்கிறான். இடிமுழக்கமும் மழையுமான இரவில், கற்பாலம் ஒன்றின்மேல் அம்மனிதரை அடித்து வீழ்த்துகிறான். வீழ்ந்து கிடப்பவள், தந்தையைப் போல மாறுவேடம் பூண்டு வந்த அவன் காதலி ஆ ஜூ. எல்லைக்கு அப்பால் ஆடு மாடு மேய்த்து வாழலாம் என்று இருவரும் கண்ட கனவு அங்கேயே முடிகிறது. பொய்ச் செய்தியை நம்பியோர் கணவாயில் செய்ததையே, அவர்களைப் பழிவாங்க வந்தவனும் பாலத்தில் செய்கிறான். பழியுணர்வின் குருட்டுத்தன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டல் அரிது.

ஹூ ஜுன் என்னும் நடிகர் சியாவ் ஃபெங்காக வாழ்ந்திருக்கிறார். பாலத்தில் அவர் எழுப்பும் ஓலத்தைவிட, அதன்பின் அவர் முகத்தில் குடியேறும் வெறுமையே நெஞ்சை அறுக்கிறது. எனினும் தொடரில் குறைகளும் உள. கணினி வழியே தீட்டிய ஒளிப்பிழம்புகள் பல சண்டைகளை விளையாட்டாக்கிவிடுகின்றன. தாலி நாட்டு இளவரசன் துவான் யூவின் ஒருதலைக் காதல் அளவுக்கு மீறி நீள்கிறது. பெண்களுள் பெரும்பாலோர் ஏங்குவதற்கும் பொறாமைப்படுவதற்கும் மட்டுமே படைக்கப்பட்டவர்போல் தோன்றுகின்றனர்.

இக்குறைகளை மறக்கச்செய்யும் இரு காட்சிகள் ஷாவ்லின் மடத்தில் நிகழ்கின்றன. கணவாய்த் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அம்மடத்தின் தலைவரே என்பது வெளிப்படுகிறது. துறவறம் தவறி ஒரு மகனுக்குத் தந்தையானவர் என்பதும் தெரியவருகிறது. அவர் மறுக்கவில்லை, பதவியின் பின் ஒளியவும் இல்லை. தலைவர் என்பதால் தண்டனை இருமடங்காக வேண்டும் என ஏற்று, ஆயிரம் கண்கள் காண, பிரம்படி பட்டு அங்கேயே உயிர் துறக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தின் மன்னிப்பு அங்கே இல்லை. தந்தையின் வீடு திரும்பிய இளைய மகனுக்குக் கிடைத்த அணைப்பும் இல்லை. ஆயினும், தன் பாவத்தைத் தன் பாவமென்று பெயர்சொல்லி ஏற்கும் அத்துணிவு நம்மைத் தலைகுனியச் செய்கிறது.

மற்றொரு காட்சியில், சியாவ் ஃபெங்கின் தந்தையும், பொய்ச் செய்தியைப் பரப்பிய முரோங் போ என்பவனும் எதிரெதிரே நிற்கின்றனர். இருவரும் முப்பது ஆண்டுகள் இறந்தவர்போல் மறைந்து வாழ்ந்தவர்கள். நூலறையில் துடைப்பம் ஏந்திய, பெயரே சொல்லப்படாத முதிய துறவி ஒருவர் இடையே வருகிறார். அவர் முரோங் போவை ஓர் அடியில் சாய்க்கிறார். பகைவன் பிணமாய்க் கிடக்கக் கண்ட தந்தையின் உள்ளத்தில் மகிழ்ச்சி எழவில்லை; வாழ்வதற்கிருந்த ஒரே காரணமும் போய்விட்டதே என்னும் வெறுமையே எழுகிறது. அவரையும் சாய்த்தபின், இருவர் கைகளையும் கோத்து முதியவர் உயிர்ப்பிக்கிறார். பகைவனின் கையைப் பற்றியே ஒவ்வொருவனும் பிழைக்கிறான். பகைவரை நேசிக்கச் சொன்ன மலைப்பொழிவுக்கு, அதை அறியாத ஒரு கதை எழுதிய விளக்கவுரை என்றே இதைக் கொள்ளலாம்.

இனி, முடிவு. லியாவ் மன்னன் தெற்கே படையெடுக்க முனைகிறான். சியாவ் ஃபெங் அப்படையை நடத்த மறுத்துச் சிறைப்படுகிறான். நண்பர்களால் மீட்கப்பட்டு யென்மென் கணவாயை அடைகிறான். நண்பர்கள் சிறைப்பிடித்த மன்னனிடமிருந்து, தன் வாழ்நாளில் படை எல்லை கடவாது என்று உறுதி பெறுகிறான். உறுதியின் அடையாளமாக மன்னன் ஓர் அம்பை முறித்து எறிகிறான். இரு நாட்டு மக்களும் காப்பாற்றப்பட்டுவிட்டனர். அப்போது, தன் மன்னனை மிரட்டிய பழியோடு வாழ விரும்பாமல், முறிந்த அம்பை எடுத்துத் தன் நெஞ்சில் செருகிக்கொள்கிறான் சியாவ் ஃபெங்.

தொடர் இதை மாபெரும் தியாகமாகக் காட்டுகிறது. இங்கேதான் நாம் நின்று மறுக்க வேண்டியிருக்கிறது. 1941இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் புனித மாக்சிமிலியன் கோல்பே, சாகவிருந்த மற்றொருவருக்காகத் தம்மை முன்வந்து கொடுத்தார், அம்மனிதர் பிழைத்தார். சியாவ் ஃபெங்கின் சாவால் பிழைத்தவர் ஒருவருமில்லை. அமைதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உயிரைக் கொடுத்தல் வேறு, மாய்த்துக்கொள்ளல் வேறு. உயிர் இறைவனுடையது, நாம் அதன் காவலரே என்று திருச்சபை போதிக்கிறது. இவ்வேறுபாட்டை அழகிய இசையால் மறைக்கும் காட்சியை நம் இளையோர் தனியே பார்த்துவிட்டுப் போகலாகாது. வீட்டில் உடனமர்ந்து பேச வேண்டும்.

ஆனால் தீர்ப்பிட்டுவிட்டு எழுந்துபோவதும் கிறிஸ்தவம் அன்று. அத்தகைய துயர முடிவைத் தேடியவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது, அவர்களுக்காக மன்றாடவேண்டும் என்பதும் அதே திருச்சபையின் மறைக்கல்வியே. சியாவ் ஃபெங்குக்கு வடக்கே துரோகி என்னும் பெயர் காத்திருந்தது. தெற்கே கோட்டைக் கதவு திறக்கவில்லை. ‘நீ எங்களவன், வா’ என்று அழைக்க ஒரு நாடு இருந்திருந்தால், அந்த அம்பு மண்ணிலேயே கிடந்திருக்கும்.

இரு இனங்களையும் பிரித்த சுவரைத் தம் உடலில் தகர்த்தவர் கிறிஸ்து என்று எபேசியர்க்குத் தூய பவுல் எழுதினார். அவர் கல்லறையில் தங்கிவிடவில்லை. உயிர்த்து, கதவுகளை மூடிக்கொண்டிருந்தவர் நடுவே வந்து அமைதி கூறினார். இக்கதை அறியாத காலை அது. அக்காலையை அறிந்த நமக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. இரு தரப்புக்கும் இடையே சமாதானம் பேசி, இரு தரப்பாலும் வெறுக்கப்பட்டுத் தனித்து நிற்பவர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவருக்கு நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா?