கோவா: கடலுக்கு முதுகு காட்டிப் பார்க்க வேண்டிய ஊர்

கோவா இந்தியாவின் மிகச் சிறிய மாநிலம். பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நடுத்தர மாவட்டம் ஒன்றின் அளவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே மகாராஷ்டிரம், தெற்கே கர்நாடகம். மாண்டவி, சுவாரி என்று இரண்டு பெரிய ஆறுகள். 1510இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து பிடித்தார்; 1961 டிசம்பர் 19இல் இந்திய ராணுவம் மீட்டது. மகாராஷ்டிரத்தோடு இணையலாமா என்று 1967இல் மக்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 1987 மே 30இல் தனி மாநிலமானது. தலைநகர் பணஜி, மொழி கொங்கணி. தபோலிம், மோபா என்று இரண்டு விமான நிலையங்கள்; ரயிலில் வருபவர்களுக்கு மட்காவ். குளிர்காலத்தில் கூட்டம், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அடிப்படை இவ்வளவுதான். மற்றதைக் கைபேசி சொல்லிவிடும்.

கைபேசி சொல்லாத விஷயம், கோவாவைத் தவிர்க்கிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் கோவா என்றவுடன் நினைவுக்கு வருவது நண்பர் கூட்டம், பீர் பாட்டில், வாடகை ஸ்கூட்டர். சினிமா இந்தப் படத்தை நன்றாகவே பதித்துவிட்டது. அதை நம்பிப் போகிறவர்கள் பாகா, கலங்கூட் கடற்கரைகளில் இரண்டு இரவைக் கழித்துவிட்டு வருகிறார்கள். அவர்களைக்கூட மன்னிக்கலாம். எரிச்சலூட்டுகிறவர்கள் இன்னொரு தரப்பினர்: கோயில் பார்க்கிறவர்கள், வரலாறு படிக்கிறவர்கள், குடும்பத்தோடு ஹம்பிக்கும் உடுப்பிக்கும் போகிறவர்கள். கோகர்ணம் வரை வந்துவிட்டு, அடுத்த மாநில எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, “அது நமக்கான இடம் இல்லை” என்று வண்டியைத் திருப்புகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்துக்கள், நான்கில் ஒரு பங்கினர் கிறிஸ்தவர்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வாசல் திண்ணையில் நடந்த கச்சேரியைப் பார்த்துவிட்டு வீட்டையே எடைபோட்டதன் விளைவு அது.

உள்ளே போகிறவருக்கு முதலில் தரப்படும் வரைபடமும் தவறானது. வடக்கு கோவா கொண்டாட்டத்துக்கு, தெற்கு கோவா அமைதிக்கு என்று எல்லாப் பயண இதழ்களும் எழுதுகின்றன. இது விடுதி முன்பதிவுக்கு உதவும். ஊரைப் புரிந்துகொள்ள உதவாது. வடக்கின் கலங்கூட்டும் தெற்கின் கொல்வாவும் ஒரே வரலாற்றின் பிள்ளைகள். வடகோடி அரம்போலும் தென்கோடி பாலோலெமும் வேறொரு வரலாற்றின் பிள்ளைகள். போண்டா வட்டம் 2015இல் நிர்வாக வசதிக்காக வடக்கு மாவட்டத்திலிருந்து தெற்கு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. அங்குள்ள எந்தக் கோயிலின் விளக்கும் அதனால் அசையவில்லை.

கோவாவின் உண்மையான கோடு பழைய கைப்பற்றலுக்கும் புதிய கைப்பற்றலுக்கும் நடுவில் ஓடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கோயில், தேவாலயம், வீடு, சமையல் எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். திஸ்வாடி, பார்தேஸ், சால்சேட் ஆகிய மூன்று கடலோரப் பகுதிகள் 16ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே போர்ச்சுகீசியர் கைக்குப் போயின. இவை பழைய கைப்பற்றல்கள். போண்டா, பெர்னெம், பிச்சோலிம், சத்தாரி, சாங்குவேம், கேபேம், கானகோனா ஆகியவை 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் சேர்ந்தன. இவை புதிய கைப்பற்றல்கள். இடையில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் போர்ச்சுகல் மதமாற்றத்தை அரசுக் கடமையாகக் கருதியது. திஸ்வாடியிலும் பார்தேஸிலும் சால்சேட்டிலும் கோயில்கள் இடிக்கப்பட்டன. 1560இல் மத விசாரணை மன்றம் வந்தது. அது முற்றாக ஒழிய 1812 ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் போர்ச்சுகலோ இயேசு சபையினரையே நாடு கடத்திய போர்ச்சுகல். வேகம் தணிந்து, புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் கோயிலிலும் வழக்கத்திலும் கை வைப்பதில்லை என்ற நிலைக்கு அது வந்திருந்தது. ஒரே ஆட்சி, ஒரே கொடி, ஆனால் இரண்டு வேறு காலங்களின் மனநிலை. கோவாவை “குட்டி போர்ச்சுகல்” என்று எழுதுகிறவர்கள் எந்தப் போர்ச்சுகல் என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

இதன் முதல் சாட்சி போண்டா. 16ஆம் நூற்றாண்டில் அது போர்ச்சுகீசியர் எல்லைக்கு வெளியே, பீஜப்பூர் ஆட்சியில் இருந்தது. கோயில்கள் இடிபடும் என்று தெரிந்ததும் ஊர்மக்கள் தெய்வங்களை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். கொர்தாலிமிலிருந்து மங்கேஷ், கெலோஷியிலிருந்து சாந்ததுர்கா, வெர்னாவிலிருந்து மகாலசா. இன்று முறையே மங்கேஷி, கவலே, மார்தோல் ஆகிய ஊர்களில் அந்தக் கோயில்கள் நிற்கின்றன. லதா மங்கேஷ்கர் குடும்பத்தின் பெயர் இந்த மங்கேஷியிலிருந்து வந்ததுதான்.

இக்கோயில்களைப் பார்க்கும் தமிழ்ப் பயணி வழக்கமாகச் சொல்வது “கோயில் மாதிரியே இல்லையே”. கோபுரம் இல்லை, கற்றூண் இல்லை, சிற்பம் குறைவு. கருவறைக்கு மேல் விமானத்துக்குப் பதில் குவிமாடம். வளைவு ஜன்னல்கள், கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிச் சரவிளக்குகள், முற்றத்தில் அடுக்கடுக்காக எழும் வெள்ளைத் தீபஸ்தம்பம். தஞ்சாவூரை அளவுகோலாக எடுத்துப் போகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான், தவறு அளவுகோலில். அக்கரையில் தேவாலயக் கட்டடக் கலை வளர்ந்துகொண்டிருந்தபோது இக்கரையில் கட்டப்பட்டவை இவை. மராத்திய, தக்காண, ஐரோப்பியக் கூறுகள் மூன்றையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டன. வீடிழந்து வந்த தெய்வத்துக்குப் பக்தர்கள் எழுப்பிய புது வீடு என்ற நினைப்போடு தீபஸ்தம்பத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தக் கலவையின் துணிச்சல் புரியும். இடம் பெயராமல் முதலிலிருந்தே போண்டாவில் இருந்த பந்தோராவின் நாகேஷ் கோயிலையும் பார்த்து ஒப்பிடலாம். அதன் குளமும் மரத்தில் செதுக்கிய ராமாயணக் காட்சிகளும் தனி அழகு. எல்லாவற்றுக்கும் முந்திய கல் கோயில்தான் வேண்டும் என்பவர் மலையடிவாரக் காட்டுக்குள் தாம்பிடி சுர்லாவுக்குப் போக வேண்டும். கதம்பர் காலத்து, 12ஆம் நூற்றாண்டு மகாதேவர் கோயில் அங்கே கருங்கல்லில் முழுதாக நிற்கிறது.

ஆற்றின் அக்கரையான பழைய கைப்பற்றலில் தேவாலயங்கள். பழைய கோவா நகரத்தின் தேவாலயங்களும் மடங்களும் 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. எல்லோரும் படம் எடுப்பது போம் ஜேசு பேராலயத்தின் செந்நிறச் சுவரை. உண்மையில் அது கோவா தேவாலயத்துக்கு மாதிரியே அல்ல. செம்புரைக் கல்லின் மேல் இருந்த சுண்ணாம்புப் பூச்சை 1950களில் உரித்துவிட்டார்கள். பழமை தெரியட்டும் என்ற அந்தக் கால மோகம். பூச்சில்லாத கல் அன்று முதல் மழையில் அரிபட்டு வருகிறது. கோவா தேவாலயத்தின் இயல்பான முகம் வெள்ளை. எதிரே நிற்கும் சே பேராலயத்தில் அதைக் காணலாம். 1776இல் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து, ஒற்றைக் கோபுரத்தோடு நிற்கிறது அது. போம் ஜேசுவில் புனித சவேரியாரின் உடல் இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் மத்தியில் பணிசெய்த அதே சவேரியார்தான்; நாகர்கோவில் கோட்டாறு பேராலயம் அவர் பெயரில் நிற்கிறது. கோவாவின் வாஸ்கோ நகரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு ரயில் ஓடுவதும் தற்செயல் அல்ல. இவ்வளவு உறவிருந்தும் கோவா நமக்கு அந்நியம் என்பது சோம்பேறித்தனம்.

அடுத்து வீடுகள். பழைய கைப்பற்றலின் கத்தோலிக்க வீடு தெருவைப் பார்க்கும். முன்னால் பல்காவ் என்னும் தூண் வைத்த திண்ணை. மாலையில் வீட்டார் அங்கே உட்கார்ந்து வழிப்போக்கரோடு பேசுவார்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பி ஓடுகள். சாந்தோரில் உள்ள பிரகான்சா மாளிகை இதன் உச்சம். இந்து வீடு தனக்குள் பார்க்கும். வெளியே அடக்கமான சுவர், உள்ளே முற்றம், நடுவில் துளசி மாடம். நம் ஊர் முற்றத்து வீடு தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். பணஜியின் ஃபோன்டைன்யாஸ் பகுதித் தெருவில் மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு “கோவா வீடுகள் பார்த்தாயிற்று” என்கிறவர்கள் பார்த்தது வண்ணப்பூச்சு மட்டும். அந்தப் பகுதிவாசிகள் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

நாக்கிலும் அந்தக் கோடு ஓடுகிறது. இரு தரப்புக்கும் தேங்காயும் மீனும் சோறும் உயிர். வேறுபாடு புளிப்பில். கத்தோலிக்கச் சமையலறையில் தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் வினிகர். விண்டாலு, சொர்ப்போதெல், சொரிசோ எல்லாம் அதில் ஊறியவை. இந்துச் சமையலறையில் நம் குடம்புளிக்கு உறவான கோகம். மீன் குழம்பில் திரிபல் என்ற மிளகு போன்ற காய் வாசனைக்குச் சேரும். கடற்கரை உணவகங்களில் “கோவன் கறி” என்று தரும் ஆரஞ்சு நிறக் குழம்பு இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லை. போண்டாவிலோ மட்காவிலோ உள்ளூர்க்காரர்கள் மதியம் வரிசையில் நிற்கும் கடையில் மீன் சாப்பாடு கேட்பதே சரி. காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரிடம் தவிடு தூவிய பொயி வாங்கத் தவற வேண்டாம். காதோடு ஒன்று: கோவாவின் மதுவான ஃபெனி பிடிக்காதவர்களுக்கும் முந்திரிப் பழத்தின் முதல் வடிப்பான உர்ராக் பிடித்துவிடும், அது கோடையில் மட்டும்தான் கிடைக்கும்.

நிலத்தில் இந்தக் கோடு ஓடுவதைப் பார்க்க விரும்புபவர் பழைய கைப்பற்றலின் கசான் வயல்களுக்குப் போக வேண்டும். கழிமுகத்து உப்புநிலத்தை மண்கரை கட்டி, மதகு வைத்து, மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் மீனும் உப்பும் எடுக்கும் ஏற்பாடு. இதை நடத்திய கிராமச் சபைகள் போர்ச்சுகீசியருக்கு முந்தியவை; 1526இல் போர்ச்சுகீசியர் அவற்றின் வழக்கங்களை எழுதி வைத்தார்கள், கலைக்கவில்லை. மதம் மாறிய ஊரிலும் நில ஒழுங்கு மாறவில்லை. “கோவா கெட்டுப்போய்விட்டது” என்று பத்தி எழுதுகிறவர்கள் கடற்கரைக் குடில்களுக்காக அழுகிறார்கள். உடைந்து கிடக்கும் கசான் மதகுகளுக்காக ஒரு வரி எழுதியதில்லை.

கோடு இருக்கிறது என்பதால் சுவர் இருக்கிறது என்று பொருளில்லை. சால்சேட்டின் குங்கொலிம் ஊர் 1583இல் பாதிரியார்களை எதிர்த்துக் கிளர்ந்த ஊர். அதன் சாந்ததுர்கா ஃபாதோர்பாவுக்குப் போய்விட்டாள். ஆண்டுதோறும் குடைகள் பிடித்து வரும் ஊர்வலத்தில் ஊரின் பன்னிரண்டு குலத்தாரும் கலந்துகொள்கிறார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு, கத்தோலிக்கர்களும் உண்டு. மாபுசாவின் மிலாக்ரஸ் மாதாவை ஷிர்காவ் லைராய் தேவியின் சகோதரி என்று இரு தரப்பும் சொல்வார்கள்; மாதாவின் திருவிழாவுக்கு இந்துக்கள் எண்ணெய் கொண்டுவருகிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க நான்கு நாட்கள் போதும். முதல் நாள் பழைய கோவா, பணஜி. இரண்டாம் நாள் பனஸ்தரிம் பாலம் தாண்டிப் போண்டாவின் கோயில்கள். மூன்றாம் நாள் போரி பாலத்தில் சுவாரியைக் கடந்து மட்காவ், சாந்தோர். நான்காம் நாள் தாம்பிடி சுர்லா. கதம்ப மன்னர் பெயர் தாங்கிய அரசுப் பேருந்தே முக்கிய ஊர்களுக்குப் போகும்; கடைசிக் கோயிலுக்கு மட்டும் வாடகை வண்டி வேண்டும். மாலையில் நேரம் மிஞ்சினால் கடற்கரைக்கும் போகலாம், தடையில்லை. மழை ஓய்ந்து கூட்டம் சேராத அக்டோபர் மாதம் இதற்கு மிகவும் ஏற்றது. கோயிலுக்காகவோ வரலாற்றுக்காகவோ ஊர் சுற்றும் தமிழ்க் குடும்பங்கள், அடுத்த முறை கோகர்ணத்தில் வண்டியைத் திருப்பாமல் வடக்கே விட வேண்டும்.