கறுக்காத கணு

மருத்துவப் படிமவியலில் ஒரு நானோதுகளின் தரத்தை உரசிப் பார்க்க ஒரே கேள்வி போதும்: அது இல்லாமல் எடுத்த படம் சொல்லாத எதை இது சொல்கிறது? சுண்டெலிகளில் பளிச்சிட்ட துகள்கள் ஏராளம். இந்தக் கேள்விக்கு மனித உடலில் பதில் சொன்னவை மிகச் சில. இரும்பு ஆக்சைடு அவற்றில் முதன்மையானது.

கல்லீரலில் அதன் தேர்ச்சி சுமார்தான். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்தின் தர்க்கம் செம்மையானது: கல்லீரலின் கப்ஃபர் செல்கள் துகளை விழுங்க, எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல திசு கறுக்கும். அச்செல்கள் இல்லாத கட்டி வெளுத்தே நிற்கும். ஆனால் மருந்தை அரை மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். சிலருக்கு முதுகுவலியும் வந்தது. காடோலினிய மருந்துகளோ இரத்த ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டின. ஃபெரிடெக்ஸ் சந்தையை விட்டு விலகியதில் அநீதி இல்லை.

நிணநீர்க் கணுக்களில் கதை வேறு. ஃபெரும்ஆக்ஸ்ட்ரான்-10 என்ற இரும்பு ஆக்சைடு துகள் சுமார் 30 நானோமீட்டர் அளவே ஆனதால் கல்லீரலில் உடனே சிக்காமல் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றிக் கணுக்களை அடைகிறது. ஒரு நாள் கழித்து எடுத்த படத்தில் நல்ல கணு கரியாய்க் கறுத்திருக்கும். புற்று குடியேறிய மூலை மட்டும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். 80 புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், புற்று பரவிய கணுக்களைக் கண்டறியும் திறன் 35.4 விழுக்காட்டிலிருந்து 90.5க்கு உயர்ந்தது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு எண்: புற்று இருந்த 63 கணுக்களில் 45 வழக்கமான அளவுகோலுக்குள் அகப்படாதவை. கணு பருத்தால்தான் சந்தேகம் என்ற பழைய நெறியின் அடித்தளத்தையே இது அசைத்தது.

குறையும் அதே வழிமுறையில்தான் இருக்கிறது. கறுக்காத இடமெல்லாம் புற்றல்ல. கணுவுக்குள் இருக்கும் கொழுப்பும் கறுக்காது. அதைப் பிரித்தறியத் தேர்ந்த கண் வேண்டும். புராஸ்டேட்டில் வலுவாக இருந்த சான்றைக் கொண்டு பலவகைப் புற்றுகளுக்கும் தயாரிப்பாளர்கள் அனுமதி கேட்டார்கள். 2005இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. 2007இல் ஐரோப்பிய விண்ணப்பமும் திரும்பப் பெறப்பட்டது. குழு செய்தது சரி, விண்ணப்பித்தவர்கள் செய்தது பிழை என்பதே என் கணிப்பு. துகள் தோற்கவில்லை, கோரிக்கைதான் தன் சான்றை மீறிப் போனது. புராஸ்டேட் நோயாளியின் இடுப்புக் கணுக்களுக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் நான் தயங்காமல் ஆதரித்திருப்பேன். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பிற்பாடு இதே துகளை மீண்டும் கையிலெடுத்தவர்கள் தொடங்கியதும் புராஸ்டேட்டில்தான்.