கலரிச் சனத்தைப் பார்த்த பேராசிரியர்

சிவத்தம்பியை வாசிக்காமல் தமிழ்ப்படம் பார்ப்பவர் பாதிப்படம்தான் பார்க்கிறார் என்று நான் சொன்னால் கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் ‘தமிழ்ச் சமூகமும் அதன் சினிமாவும்’ கைக்கு வந்த கிழமை நான் வேறொன்றையும் தொடவில்லை. வெள்ளவத்தைப் புத்தகக்கடையில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்ட, கடைக்காரர், “தம்பி, வாங்கிக்கொண்டு போய் ஆறுதலாய் இருந்து வாசியுங்கோவன்” என்றார்.

படம் நல்லதா கூடாததா என்று மார்க் போடுகிற வேலையே மனிசனிடம் இல்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்று சனத்தைப் பார்க்கிறார்! தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான். யார் எங்கே இருப்பது என்பதை அங்கே தீர்மானித்தது சாதிப் படிநிலையல்ல, கையிலிருந்த காசு என்கிறார். கோயில் வாசலில் எட்ட நிற்கவைத்த ஒருவனுக்கு ஒரு கலரி ரிக்கற் என்ன கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். துறைமுகத்தில் வேலை செய்தவர், எம்.ஜி.ஆர். பைத்தியம். “இத சொல்ல ஒரு புரொபசர் வேணுமா? முதலாளிமார் பல்கனியில, நாங்க கலரியில. ஆனா விசில் எங்க பக்கத்திலிருந்துதான்!” என்றார். இரண்டு பக்கத்துக்குப் பிறகு அவரே, “ம்ம், மிச்சத்தையும் வாசி” என்றார்.

மிச்சம்தான் அரசியல். அந்தக் கூட்டத்தோடு திராவிட இயக்கம் எப்படிப் பேசியது, 1952இல் ‘பராசக்தி’ வந்த தமிழ்நாட்டில் 1977இல் ஒரு நடிகர் முதலமைச்சராகும் நிலை எப்படி வந்தது என்பதெல்லாம் இவரை வாசித்தபின் வேறு மாதிரித் தெரிகிறது. தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடல் ஊடகமாக ஆராயும் அவருடைய ஆங்கில நூலை 1981இலேயே சென்னையில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியிட்டது. சினிமாவைப் பற்றி எழுதுவது படித்தவருக்கு அழகில்லை என்று நினைத்திருந்த காலம் அது.

இவர் வெறும் ஏட்டுப் படிப்பாளியும் அல்ல. கரவெட்டியில் பிறந்து, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றி ஆய்வு செய்தவர், இலங்கை வானொலியின் ‘விதானையார் வீட்டில்’ நாடகத்தில் விதானையாராக நடித்தவரும்கூட. பார்வையாளன் எந்த இடத்தில் நிமிர்ந்து இருப்பான் என்பது அவருக்குத் தெரியும்.

குறை இல்லையா? இருக்கிறது. சில வசனங்கள் காலி வீதிச் சன நெரிசல் மாதிரி, முடிவே தெரியாமல் நீளும். ஒரு பந்தியை மூன்று தரம் வாசித்தாலும் பரவாயில்லை, விடாதீர்கள். கடையில் கிடைக்காவிட்டால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். அடுத்த படத்துக்கு ரிக்கற் எடுக்கமுன் வாசித்துவிடுங்கள்.