திகில் நோய்ச் சிகிச்சை: வென்றது எது?

நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், உயிரே போகிறது என்ற எண்ணம் எழும். சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின் தணியும். இருதயத்தில் குறை ஒன்றுமில்லை என்று மருத்துவர் சோதித்துக் கூறிய பின்னும், மீண்டும் வருமோ என்ற அச்சம் நோயாளியை விட்டு அகலாது. இதுவே திகில் நோய். 1980இல்தான் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கத்தின் நூல் இதனைத் தனி நோயாக வகுத்தது.

இதற்குரிய உளச் சிகிச்சைகளுள் மூன்று பெரிதும் ஆராயப்பட்டவை. நெஞ்சுத் துடிப்பை மரணத்தின் அறிகுறியாகக் கொள்ளும் தவறான கருத்தைத் திருத்துவது ஒன்று. 1986இல் டேவிட் கிளார்க் இதற்கு அடிப்படை வகுத்தார். தசைகளைத் தளர்த்தப் பழக்குவது மற்றொன்று. அச்சத்தின் வேரை உள்ளத்தின் ஆழத்தில் தேடுவது மூன்றாவது.

இவற்றுள் சிறந்தது எது? 2016இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு 54 சோதனைகளையும் 3,021 நோயாளிகளையும் ஒப்பிட்டு, ஐயமற வென்றது எதுவுமில்லை என்று முடித்தது. முதல் முறை பலவிடத்து முந்தினும், வேறுபாடு சிறிதே. சான்றில்லாத இடத்தில் முடிசூட்ட மறுத்த இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

எனினும் அவ்வாய்வில் ஒரு குறை உண்டு. அது சிகிச்சைகளின் பெயர்களை ஒப்பிட்டதேயன்றி உள்ளீட்டை ஒப்பிடவில்லை. ஒரே பெயரின்கீழ் ஒருவர் மூச்சுப் பயிற்சி தருவார், மற்றொருவர் தரமாட்டார். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் 201 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையிலும், அதே சிகிச்சைகள் ஊருக்கு ஊர் வேறு பலன் தந்தன.

இக்குறையை அவ்வாய்வாளர்களே 2018இல் நீக்க முயன்றனர். 72 சோதனைகளின் உறுப்புகளைத் தனித்தனியே கணக்கிட்டனர். அஞ்சும் படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வருவித்து, அதனால் உயிர் போவதில்லை என்று உடலுக்கே உணர்த்தும் பயிற்சி நற்பலனோடு இணைந்திருந்தது. நேருக்கு நேர் அளிக்கும் சிகிச்சையும் அவ்வாறே. தசை தளர்த்தலோ குறைந்த பலனையே காட்டியது. "மனத்தைத் தளரவிடு, எல்லாம் சரியாகும்" என்று யாவரும் கூறும் அறிவுரைக்கு இது மாறானது. ஆயினும் இது கணக்கால் பிரித்தறிந்த முடிவேயன்றி, ஒவ்வோர் உறுப்பையும் தனியே சோதித்துக் கண்டதன்று என்பதை மறத்தலாகாது.

பத்து காஜா வட்டாரத்தாருக்கு இதனால் பயன் என்ன? பேராக் மாநிலத்தில் 1911 முதல் உளநோய் மருத்துவமனை உண்டு. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஆனால் அஃதிருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டது. ஏளனத்திற்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர். மேலும், "நெஞ்சை அடைக்கிறது" என்று தமிழில் கூறுபவனின் உள்ளத்தில் மாரடைப்பும் உடன் நிற்கிறது. அக்கருத்தைத் திருத்துபவர் அச்சொல்லின் பொருளை அறிந்தவராயிருத்தல் நலம்.

ஆகவே, இருதயச் சோதனை முடிந்தபின் நோயாளி சிகிச்சையின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. "அஞ்சியதை அஞ்சாமல் எதிர்கொள்ள எனக்குக் கற்பிப்பீர்களா? என் மொழியில், என் எதிரே அமர்ந்து கற்பிப்பீர்களா?" என்று கேட்பதே அறிவுடைமை.