கல்யாண கேமராவும் காடா துணியும்

கோவை அருகே விசைத்தறிகள் நிறைந்த சோமனூர் வட்டாரத்தில் ஸ்டுடியோ நடத்துபவரின் ஆண்டு முகூர்த்தங்களைச் சுற்றியே ஓடுகிறது. வைகாசி, ஆவணி, தை என்று கல்யாண மாதங்களில் தூங்க நேரம் இருக்காது. நடுவே காது குத்து, பூப்புனித நீராட்டு, கோயில் கும்பாபிஷேகம். ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்திருக்கும்போதுதான் வேறு வகை வேலை கதவைத் தட்டும். பனியன் கம்பெனி ஒன்று புது டி-ஷர்ட்டுகளை இணையக் கடையில் ஏற்றப் படம் கேட்கும். ஜவுளி வியாபாரி ஒருவர் துணி ரகங்களுக்குக் கேட்டலாக் போட வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் புறப்படுவது ஒரே பைதான்: முழுச் சட்ட சென்சார் கொண்ட ஒரு கேமரா, ஒரு 24–70 லென்ஸ், மேலே மாட்டும் ஒரு ஃபிளாஷ். இந்த ஒரே பைப் பழக்கம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்ப்பது, அடுத்த தவணையில் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்கும் பயன்படும்.

முதலில் கைகொடுக்கும் இடம். கல்யாணம் ஒரு கடுமையான பள்ளிக்கூடம். கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறும் அந்தச் சில நொடிகள் திரும்ப வராது. உறவுக்கூட்டம் குறுக்கே பாயும், அட்சதை லென்ஸில் விழும், மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை ஊதா நிறத்தைக் கக்கும். கொங்குக் கல்யாணமென்றால் இணைச்சீர் சடங்கு எப்போது, சடங்கை நடத்தும் அருமைக்காரர் எந்தப் பக்கம் நிற்பார், அவர் கை எப்போது உயரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டு மண்டபத்தில் நின்றவருக்கு நடக்கப்போவதை ஒரு கணம் முன்பே உணரும் பழக்கம் வந்துவிடுகிறது. எந்தப் பயிற்சி வகுப்பும் இதை முழுதாகத் தராது. எஃப் 2.8 திறப்புள்ள ஜூம் லென்ஸும் மங்கல் வெளிச்சத்தில் தாங்கும் பெரிய சென்சாரும் இந்த வேலைக்குச் சரியான கருவிகள். பணம் அங்கே வீணாகவில்லை.

பெரிய கேமரா வாங்குவது பகட்டு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பெண் வீட்டார் ஸ்டுடியோவுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டும்போதே எந்தக் கேமரா, எத்தனை கேமரா, டிரோன் உண்டா என்று கேட்கிறார்கள். கருவியின் பெயர் விலைப்பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும் தொழிலில், கேமராவை மாற்றாமல் இருப்பவர் வேலையை இழக்கிறார். தவணை கட்டி வாங்குவதற்குப் பின்னால் இந்த நிர்ப்பந்தம் இருக்கிறது.

ஆனால் மணமக்களுக்குப் பதில் துணி கேமராவுக்கு முன் வந்து நிற்கும்போது கதை மாறுகிறது.

துணி சிரிக்காது, கண்கலங்காது. மேடையில் முகத்தின் உணர்ச்சி மறைத்துவிடும் சின்னக் குறைகள் எல்லாம் துணியில் பளிச்சென்று தெரியும். ரிப் பின்னலோ, நெருக்கமாக நெய்த பாப்ளினோ எடுத்தால் படத்தில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றுகின்றன. துணியின் இழை வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது பிறக்கும் ‘மொய்ரே’ என்ற கோளாறு அது. மங்கலாக்கும் வடிகட்டி இல்லாத சென்சார்களில் இது கூடுதலாக வரும். 2012-ல் நிகான் டி800-ஐயும் அந்த வடிகட்டியின் வேலையை நீக்கிய டி800இ-யையும் தனித்தனியாக விற்றபோதே, துணி எடுப்பவர்கள் எதைத் தேர்வது என்ற கேள்வி எழுந்தது. கூர்மைக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய கேமராவே துணிக்குத் தொல்லையாகலாம். தீர்வுக்குப் பெரிய செலவில்லை. கேமராவைச் சற்று முன்னே பின்னே நகர்த்தலாம், துணியைக் கொஞ்சம் திருப்பலாம், திறப்பை எஃப் 16 வரை சுருக்கி, ஒளியின் விளிம்பு விளைவு படத்தை லேசாக மென்மைப்படுத்த விடலாம். மேடையில் எஃப் 2.8-ஐ விட்டு இறங்காத கைக்கு இந்த மூன்றாவது வழி சட்டென்று தோன்றுவதில்லை.

நிறம் இன்னும் பெரிய சிக்கல். வெள்ளை பனியன் துணிக்குச் சாயப்பட்டறையில் டினோபால் போன்ற ஒளிர்ப்பான் ஏற்றுகிறார்கள். புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. கேமராவின் ஃபிளாஷ் ஒளியில் புற ஊதா அதிகமிருந்தால் வெள்ளைத் துணி நீலம் பாய்ந்து வரும். பக்கத்தில் கிடக்கும் பழுப்பு நிற லேபிளோ சரியாகவே இருக்கும். ஃபோட்டோஷாப்பில் நீலத்தைக் குறைத்தால் லேபிள் மஞ்சளாகும். புற ஊதாவைத் தடுக்கும் பூச்சுள்ள ஃபிளாஷ் குழாய் இருந்தால் பிரச்சினை படம் எடுக்கும்போதே தீர்ந்துவிடும்.

சிவப்பு, மெரூன் ரகங்களில் வேறொரு பொறி. மலிவான எல்.இ.டி. பேனல்களின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், சென்சார் சமாளிக்காது. மெரூன் அரக்கு நிறமாகப் பதிவாகும். வாங்கியவர் ‘படத்தில் பார்த்த நிறம் இது இல்லை’ என்று துணியைத் திருப்பி அனுப்பினால் சுமை கம்பெனியின் தலையில் விழுகிறது.

இதற்கான அறிவு இந்த வட்டாரத்துக்கு வெளியே இல்லை. ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறை லேப்களிலும் நிறம் பார்க்க ஒளிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். டி65 என்ற பகல் ஒளி, டிஎல்84 என்ற கடை ஒளி என்று விளக்கை மாற்றி மாற்றி லேப் டிப் எனும் சாயமேற்றிய மாதிரித் துண்டை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு துண்டுகள் இன்னொன்றில் வேறாகத் தெரிந்தால், வாங்குபவர் ஏற்கமாட்டார் என்று அங்குள்ள உதவியாளருக்குக்கூடத் தெரியும். ஒளியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசிக்கும் மனிதர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, படம் எடுப்பவர் அவர்களிடம் ஒரு நாள் நின்று பார்க்காமல் புது மாடல் கேமராவின் யூடியூப் விமர்சனத்தைப் பார்க்கிறார் என்பதுதான் வருத்தம். ஒரு சாம்பல் அட்டையைத் துணியின் பக்கத்தில் வைத்து முதல் படத்தை எடுத்து, அதைக் கொண்டு எல்லாப் படங்களின் வெள்ளைச் சமநிலையையும் நிர்ணயித்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அமேசான் தளத்தில் முதன்மைப் படத்துக்குப் பின்னணி தூய வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 ஆக இருக்க வேண்டும். பொருள் சட்டத்தின் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1,000 பிக்சலாவது தேவை. ஏ4 அளவில் அச்சிடும் கேட்டலாக் பக்கத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 2,480-க்கு 3,508 பிக்சல், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கேமராவே இதை எளிதாகத் தாண்டும். ட்ரைபாடில் நிறுத்திய கேமராவால் துணியை எஃப் 8, எஃப் 11-ல் எடுக்கும்போது வெளிச்சம் நம் கையில் இருக்கிறது. மங்கலில் தாங்கும் சென்சாருக்கு அங்கே வேலையே இல்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும் முழுச் சட்டக் கேமராவின் விலையில் பாதிகூட ஆகாது, இரண்டு ஸ்டுடியோ ஃபிளாஷ், இரண்டு சாஃப்ட்பாக்ஸ், உறுதியான ட்ரைபாட், ஒரு சாம்பல் அட்டை எல்லாம் சேர்த்து. பொருள் படத்துக்கு ஒளிதான் முதல் முதலீடு, கேமரா கடைசி.

தறிக்குடோனுக்குள் போனால் இந்த வரிசையும் கவிழ்ந்துவிடும். அங்கே ஒளியை அமைக்க இடமில்லை. இரு வரிசைத் தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற சந்து. சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், பேசினால் கேட்காது, சைகைதான். காற்றில் பஞ்சு மிதக்கும். லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் பஞ்சு ஒட்டி, அன்றைய எல்லாப் படங்களிலும் புள்ளியாக விழும். எனவே மாற்றத் தேவையில்லாத ஒற்றை 35 அல்லது 28 மில்லிமீட்டர் லென்ஸே புத்திசாலித்தனம். பெரிய ஜூம் அங்கே இடைஞ்சல்.

பாவுக்கு ஊடே நூலை இழுத்துச் செல்லும் நாடாவைப் படம் பிடிப்பதுதான் சுவையான சோதனை. சாதாரண விசைத்தறியில் நாடா நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஷட்டரைத் திறந்தாலும் அதற்குள் நாடா ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதை முழுதாக உறைய வைக்க இன்னும் வேகம் கூட்டினால் டியூப் லைட் குறுக்கிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. வேகமான ஷட்டரில் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது பச்சை பாய்ந்தும் வரும். மிர்ரர்லெஸ் கேமராவின் மின்னணு ஷட்டரில் குறுக்குப் பட்டைகளே விழும். 2014-ல் கேனான் 7டி மார்க் 2-வில் வந்த மினுக்கல் தவிர்ப்பு வசதி ஓரளவு உதவும், தீர்க்காது. அனுபவமுள்ளவர் இங்கே எதிர்த்திசையில் போவார்: ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தி, நாடாவை ஒரு நீண்ட கோடாக ஓட விட்டு, அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போடும் நெசவாளியின் விரல்களில் ஃபோகஸை வைப்பார். கோடாக ஓடும் நாடாவே தறியின் வேகத்தைச் சொல்லிவிடும். இப்படிப்பட்ட முடிவை எடுக்கக் கேமராவின் மெனு உதவாது. தறி எப்படி ஓடுகிறது என்று கால் மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

தொழிற்கூடப் படத்தில் முன்னோடியான அமெரிக்கர் லூயிஸ் ஹைன் கருவிக்கு முன் கவனிப்பு வேண்டும் என்பதற்கு நல்ல சான்று. 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் கரோலினா மாகாணங்களின் பஞ்சாலைகளுக்குள் போனார். கண்ணாடித் தகடுகளும் மக்னீசியத் தூள் ஃபிளாஷும் கொண்ட கனமான கேமரா. உள்ளே விட மறுத்த இடங்களில் எந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்றோ வேறு காரணம் சொல்லியோ நுழைந்தார். தன் மேலுடைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு சிறுமிகளின் உயரத்தைக் குறித்தார். கருவியின் மெதுவான போக்கே அவரை ஒவ்வொரு படத்துக்கும் முன் யோசிக்க வைத்தது. அந்தப் படங்கள் குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டங்களுக்கு வலு சேர்த்தன.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். வெவ்வேறு நிறுவனங்களின் கேமரா உடலையும் லென்ஸையும் தாமே இணைத்துப் பூட்டிய ஒரு விநோதக் கருவியைப் பயன்படுத்தினார். யானையையும் காட்டெருதையும் அதனதன் இடத்தில், சுற்றியுள்ள காட்டோடு காட்டுவது அவர் வழி. 1970-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தன் விலங்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும், தனக்கு எந்த விவரம் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து கருவியைக் கட்டியவர் அவர். இன்று பறவைப் படத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திருப்பூர் அருகே நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட பிறகு நீண்ட லென்ஸ்கள் அங்கே பெருகிவிட்டன. பறவைக்கு 500, 600 மில்லிமீட்டர் தேவைதான், அதில் சமரசமில்லை. ஆனால் ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் போகிறவர் கோவையில் லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை அதிகாலைப் பெட்ரோலுக்குச் செலவழிப்பது மேல். வலசைப் பறவை எந்தக் கரையில் இரை தேடும் என்று பல காலைகள் பார்த்தவருக்கே படம் கிடைக்கிறது.

இந்த வட்டாரத்து ஸ்டுடியோக்களின் உண்மையான குறை, ஒரே கருவியை எல்லாவற்றுக்கும் எடுத்துப் போவதில் இல்லை. ஒரே பார்வையை எடுத்துப் போவதில் இருக்கிறது. மண்டபத்தில் பழகிய கண் எங்கே போனாலும் ஒரு முகத்தைத் தேடி, பின்னணியை மங்கலாக்கி, நிறத்தைத் தூக்கலாக்கிவிடுகிறது. டி-ஷர்ட்டில் அது தையலை மறைக்கிறது, தறிக்குடோனில் தறியையே மறைத்துவிடுகிறது. மதுரைப் பக்கம் ஜவகர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகனாக வளர்ந்த எம். பழனிக்குமார், உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் பின்னணி மங்காமல், அவர்கள் நிற்கும் சாக்கடையும் கடலும் தெரியத் தெரியப் பதிவு செய்து வருகிறார். 2022-ல் முதன்முறையாக வழங்கப்பட்ட தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. ஆடம்பரக் கருவி அவரை அங்கே கொண்டுபோகவில்லை.

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கங்களில் கூலிக்கு நெய்யும் பழைய தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்துக்கு நாடா இல்லாத தறிகள் வருகின்றன. பாவு பிணைப்பவர், தார் ஓட்டும் பெண்கள், எண்ணெய்க் கறை படிந்த சுவரில் சாக்பீஸில் எழுதிய கூலிக் கணக்கு ஆகியவற்றை முறையாகப் படமெடுத்து வைக்க யாரும் ஆர்டர் கொடுக்கப்போவதில்லை. அதற்குத் தேவையான கேமராவும் 35 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ளூர் ஸ்டுடியோக்களின் அலமாரியில் ஆடி மாதம் முழுக்கச் சும்மா இருக்கின்றன. அடுத்த தெருவிலேயே தறி ஓடுகிறது, உள்ளே விடுபவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். அந்த ஆடியில் தொடங்கலாம்.