கோவலன் உள்ளம்

சிலப்பதிகாரம் கற்கும் மாணவரிடம் கோவலன் எத்தகையன் என வினவினால், மனைவியைப் பிரிந்து பொருளைத் தொலைத்தவன் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். விடைத்தாள்களிற் காண்பதும் அதுவே. புகார்க் காண்டத்தோடு நூல் முடிந்திருப்பின் அவ்விடையிற் பிழை காண்டல் அரிது. ஆயின் இளங்கோவடிகள் அவனைப்பற்றிய செய்திகள் சிலவற்றை 15ஆவதாகிய அடைக்கலக் காதைவரை வெளியிடாது வைத்திருந்தார். அதனை அடுத்து வருவது கொலைக்களக் காதை.

மதுரையின் புறஞ்சேரியில் கோவலனைக் கண்ட மாடலன் என்னும் மறையோன், அவன் முன்னர்ச் செய்த மூன்று செயல்களை எடுத்துரைக்கின்றான். மணிமேகலைக்குப் பெயரிட்ட நாளிலே தானம்பெற வந்த முதிய அந்தணனை மதயானையின் கையினின்றும் மீட்டான். கீரியைக் கொன்ற பழியாற் கணவன் கைவிட்ட பார்ப்பனியின் துயர் தீர்த்து, அக்கணவனோடு அவளைக் கூட்டிவைத்தான். பொய்ச்சான்று கூறியவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாயின் அழுகைக்கு இரங்கித் தன்னுயிரையே ஈடாகத் தர முன்வந்தான். பூதம் உடன்படாது போகவே, அக்குடும்பத்தைப் பல்லாண்டு புரந்தான்.

இவற்றைக் காட்டிக் கோவலனைக் குற்றமற்றவனாக்க முயல்வார் உளர். அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று. யானையை அடக்கிய அந்நாளிலே கண்ணகி தன் மனையிற் றனித்திருந்தாள். பிறன் ஒருவன் நீத்த மனைவிக்காக நெஞ்சம் நெகிழ்ந்தவன், தான் நீத்தவளை நினைந்திலன். அடிகள் இம்முரண்பாட்டை விரித்துரைத்தாரல்லர். கற்போர் தாமே காணுமாறு விடுத்தார்.

ஆராயுமிடத்து, அவன் நன்மைக்கும் தவற்றுக்கும் வேர் ஒன்றே எனத் தோன்றுகின்றது. கண்ணெதிர் நிகழ்வது யாதாயினும் அவனுள்ளம் அக்கணமே அதன்வயப்படும். நின்று எண்ணுதல் அவனியல்பன்று. யானைமேற் பாய்வித்த வேகமே, கானல்வரியைக் கேட்டமாத்திரத்தில் மாதவியைப் பிரியவும் செய்தது. சிலம்பு விற்கச் சென்றவிடத்து, முன்பின் அறியாப் பொற்கொல்லனை நம்பவும் செய்தது. கண்ணெதிர்ப்படாத கண்ணகியின் துயர்தான் அவனை நெடுங்காலம் தீண்டவில்லை.

மற்றொன்றும் நோக்குக. மாடலன் புகழ்ந்தபோது கோவலன் விடையாக உரைத்தது தான் கண்ட தீக்கனவையே. கொலைக்களக் காதையிற் கண்ணகியோடு இறுதியாகப் பேசுங்காலும், வீணரோடு கூடித் திரிந்ததையும், பெற்றோர்க்குப் பணி செய்யாதொழிந்ததையும், அவளுக்கிழைத்த தீங்கையுமே சொல்லி வருந்துகின்றான். தன் நற்செயல்களுள் ஒன்றையேனும் அவன் வாயால் யாம் கேட்டிலம். மாடலன் அன்று அவ்வழி வாராதிருப்பின், அவற்றை அறிந்திருக்கவும் மாட்டோம்.