ஒப்பாரி நீங்கிய துன்பியல்: ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஈடிப்பஸ் மன்னன்' குறித்து ஒரு நோக்கு

ஒப்பரா எனும் மேலைநாட்டு இசைநாடகம் தோன்றியதே கிரேக்கத் துன்பியலை மீட்டெடுக்க முயன்றதன் விளைவாகத்தான். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து அறிஞர் சிலர், பண்டைய ஏதென்சிலே துன்பியல்கள் முழுவதும் பாடப்பட்டன என நம்பி, அவ்வாறே தாமும் செய்ய முனைந்தனர். அந்நம்பிக்கை முற்றிலும் சரியன்று. கிரேக்க நாடகத்திற் பேச்சும் உண்டு, பாட்டும் உண்டு. எனினும் அத்தவற்றிலிருந்து ஒரு புதிய கலை பிறந்தது. அன்றுதொட்டுக் கிரேக்கக் கதைகள் ஒப்பரா மேடைக்கு வந்தவண்ணமேயுள்ளன. 1909 இல் ட்ரெஸ்டனில் அரங்கேறிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா', 1927 மே 30 ஆம் நாள் பாரிசில் முதன்முதலாக இசைக்கப்பட்ட ஈகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஈடிப்பஸ் மன்னன்' ஆகிய இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் இருவேறு போக்குகளுக்குச் சான்றாவன. முன்னதில் உணர்ச்சி கரைபுரண்டு ஓடுகின்றது. பின்னதில் அது உறைந்து நிற்கின்றது. ஈண்டு ஆராயப்படுவது பின்னதே.

சொபோக்கிளிஸின் நாடகத்தைச் சுருக்கிப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் ஜோன் கொக்தோ. அதனை ஜோன் தனியேலு இலத்தீனில் மொழிபெயர்த்தார். எவருக்கும் தாய்மொழியாக இல்லாத, வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் நிலைத்துவிட்ட மொழியொன்றை ஸ்ட்ராவின்ஸ்கி வேண்டுமென்றே தேர்ந்தார். பாத்திரங்கள் முகமூடி அணிந்து சிலைகள்போல நிற்பர். தலையும் கையுமே அசையும். பாடற்குழுவில் ஆண்குரல்கள் மட்டுமே உண்டு. மாலைநேர விருந்துடை தரித்த உரையாளர் ஒருவர் அவ்வப்போது தோன்றி, அடுத்து நிகழவிருப்பதை அவையோரின் மொழியிற் சொல்லிச் செல்வார். ஏறத்தாழ 50 நிமிடங்களில் அனைத்தும் முடிந்துவிடும். இந்த உரையாளர் உத்தியைப் பிற்காலத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியே வெறுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் குறை உத்தியில் இல்லை, உடையிலேதான் இருக்கிறது. கதைக்குள்ளே நிற்கவும் மனமின்றி, வெளியே போகவும் மனமின்றி, அவையோரைச் சற்றே கீழாக நோக்கும் கனவானாக அவர் நிற்கிறார். நம் கூத்துக் கட்டியகாரனுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

இவ்வமைப்பை மேலைநாட்டு அரங்கு பெரும் புதுமையாகக் கண்டது. ஆயின் தெமோதரைத் தோட்டத்து லயமொன்றில் வளர்ந்தவர் எவருக்கும் இதிற் பெரும்பகுதி பழகியதாகவே தோன்றும். மாசி மாதத்திலே கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தினை ஊவாத் தோட்டங்களில் அறியாதார் யார்? அங்கும் முடிவு எல்லார்க்கும் தெரியும். மன்மதன் எரிவான் என்பதை மடியிலிருக்கும் குழந்தையும் அறியும். ஒப்பனையும் கிரீடமும் தரித்த ஆட்டக்காரர் அன்றாட மனிதராக அல்லாமல் உருவங்களாகவே தோன்றுவர். பேச்சிலும் பாட்டே மிகும்; தப்பொலி அதனை நடத்திச் செல்லும். ஸ்ட்ராவின்ஸ்கி தம் கலைத்திறனால் உருவாக்க வேண்டியிருந்த சடங்குத்தன்மை, காமன் பொட்டலில் விரதத்தோடும் நேர்த்தியோடும் உயிருடன் இருந்து வந்திருக்கிறது.

கதைப்பின்னலிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தந்தையைக் கொல்வாய் என்ற தெய்வ வாக்குக்கு அஞ்சிக் கொரிந்தை விட்டு ஓடும் ஈடிப்பஸ், ஓடிய வழியிலேதான் அதனை நிறைவேற்றுகிறான். தீக்கனாக் கண்ட இரதி தடுத்தும் கேளாமல், தேவர் ஏவலை ஏற்றுச் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான் மன்மதன். ஒருவன் அறியாமற் போகிறான், மற்றவன் எச்சரிக்கப்பட்டும் போகிறான். தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளைக்குப் புறப்படும் புகைவண்டி, குன்றைச் சுற்றிவந்து அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைவதைக் கண்டவர்க்கு, ஈடிப்பஸின் பயணத்தை விளக்க வேறு படம் தேவையில்லை.

இனி, இவ்வொப்பராவின் வலிமை எங்குள்ளது? சந்தேகமின்றி இரண்டாம் அங்கத்து யொக்காஸ்தாவின் பாடலிலேதான். தெய்வ வாக்குகள் பொய்க்கும் என்று அவள் உறுதிகூறுகிறாள். லாயுஸ் முச்சந்தியிற் கொல்லப்பட்டதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறாள். 'முச்சந்தி' என்ற அச்சொல்லைப் பாடற்குழு பற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட சொல்லே அச்சத்தின் வித்தாகிறது. இலத்தீன் அறியாதவரும் அவ்விடத்தில் நடுங்குவர். முதல் அங்கத்தின் இறுதியில் அரசியை வரவேற்று முழங்கும் புகழ்ப்பாடலும் சிறப்பானதே. எனினும் அதுபற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

குறைபாடு முடிவிலே உள்ளது. உண்மை வெளிப்பட்டதும் ஈடிப்பஸ் மிகச் சுருக்கமாகப் பாடி நிறுத்துகிறான். அதன்பின் அவன் வாய் திறப்பதேயில்லை. தூதன் யொக்காஸ்தாவின் மரணத்தை முரசறைபவன்போல நான்கு முறை அறிவிக்கிறான். கண்ணிழந்த மன்னன் ஊமையாக வந்து நிற்க, பாடற்குழு மென்மையாக விடைகொடுக்கிறது. தொடக்கத்திற் கொள்ளைநோயின்போது கேட்ட தாழ்சுர அடிகளின் சாயல் மீண்டும் ஒலித்து அடங்குகிறது.

சொபோக்கிளிஸ் இவ்வாறு செய்யவில்லை. அவருடைய நாடகத்தில் கண்ணைக் குத்திக்கொண்ட பின்னரே ஈடிப்பஸ் நெடிது புலம்புகிறான். முதியோர் குழு அவனோடு மாறிமாறிப் பாடுகிறது. பாத்திரமும் பாடற்குழுவும் சேர்ந்து பாடும் இப்புலம்பலுக்கு 'கொம்மொஸ்' என்ற தனிப்பெயரே உண்டு. அரிஸ்ரோட்டில் அதனைத் துன்பியலின் உறுப்புகளுள் ஒன்றாகக் கூறுவார். தன் பெண்மக்களைத் தொட்டு அழும் தந்தையையும் அந்நாடகத்திற் காண்கிறோம். ஒப்பராவில் அப்பெண்மக்களே இல்லை. கி.மு. 6 ஆம் நூற்றாண்டிற் சோலன் இயற்றிய சட்டங்கள் ஏதென்சுப் பெண்களின் இழவுப்பாட்டைக் கட்டுப்படுத்தின என்பர். வீதியில் அடக்கப்பட்ட அவ்வழுகை அடுத்த நூற்றாண்டில் அரங்கிலே, முகமூடியிட்ட ஆண்களின் வாயிலே வெளிப்பட்டது. கொக்தோவும் ஸ்ட்ராவின்ஸ்கியும் நீக்கியது அதனையே.

மௌனமே பெருந்துயரின் மொழி. கல்லாகி நிற்பவனைக் கண்டே நெஞ்சம் அதிகம் உருகும் என வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று; அம்மேடைப் படிமத்திற்கு ஆற்றல் உண்டு. ஆயினும் கிரேக்கப் புலம்பல் ஈடிப்பஸ் எனும் தனியொருவனின் சொத்தன்று. அதில் நகரமும் பங்குகொள்கிறது. மௌனத்தில் எவரும் பங்குகொள்ள இயலாது, பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

காமன் கூத்து இதற்கு நேர்மாறான வழியிற் செல்கிறது. நெற்றிக்கண் திறப்பதும் மன்மதன் எரிவதும் நொடிப்பொழுதில் முடிகின்றன. இரவு நீள்வது இரதியின் புலம்பலாலேதான். வேடமணிந்தவர் ஆண். ஆனால் அவர் பாடும் முறை, இழவுவீட்டில் மலையகப் பெண்கள் கட்டியழும் ஒப்பாரியிலிருந்து பெற்றது. கூத்தைச் சூழ்ந்திருக்கும் பெண்களின் கண்களும் கலங்கும். இறந்தவன் யார் என்பதைவிட எஞ்சியவள் யார் என்பதே அங்கு கேள்வி. சிவன் இறுதியில் மன்மதனை இரதிக்கு மட்டும் தெரியுமாறு எழுப்புகிறார். ஊரார் கண்ணுக்கு அவன் சாம்பலே.

இவ்வேறுபாடு வெறும் கலைநுட்பம் பற்றியதன்று. ஈடிப்பஸின் கதை நாடுகடத்தலிற் சென்று முடிவது. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் எனக் கணக்கிடப்பட்ட மக்களுக்கு நாடுகடத்தல் புராணச் செய்தியாக இருக்க முடியாது. அவ்வாறு அனுப்பப்பட்டோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். போகிறவரும் நிற்பவரும் ஒருவரையொருவர் கட்டியழுத நிலையங்களுக்கு அப்பெயரே சான்று. அப்பெயரை அறிந்த செவிக்கு, ஸ்ட்ராவின்ஸ்கியின் பாடற்குழு அன்போடும் அமைதியோடும் சொல்லும் விடை, கடவுச்சீட்டில் முத்திரையிட்டு நீட்டும் அலுவலரின் மரியாதைபோலவே ஒலிக்கும். சொபோக்கிளிஸிலோ அவன் நாட்டைவிட்டுச் செல்லும் காட்சியே இல்லை. கிரெயோன் அவனை அரண்மனைக்குள் அழைத்துச் செல்கிறான். ஒப்பரா துரத்தலைச் சேர்த்து அழுகையை நீக்கியிருக்கிறது.

1992 இல் யப்பானின் மட்சுமோட்டோவில் ஜூலி டேமோர் இதனை மேடையேற்றிப் படமாகவும் ஆக்கினார். அங்கு உரையாளர் ஒரு பெண். அவர் யப்பானிய மொழியிற் பேசுகிறார். பாடுவோனுக்கு இணையாக நடனக்காரர் ஒருவரும் ஈடிப்பஸாக வருகிறார். வாய் ஊமையாகிய இடத்தில் அந்த உடல் பேசுகிறது. முடிவின் வெறுமையை அவர் உணர்ந்தே இவ்வாறு செய்தார் எனலாம். உரையாளரின் பகுதி அவையோரின் மொழியில் அமையவேண்டும் என்பது மூலத்தின் விதியாகையால், தமிழ் மேடைக்கு அப்பகுதியொன்றைத் தமிழாக்கினாலே போதும். அவ்வுரையை விருந்துடைக் கனவானிடம் கொடாமல், காமன் கூத்தில் இரதி வேடமேற்றுப் பழகிய ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். முச்சந்தியின் செய்தியைச் சொல்லும்போதே அவர் குரல் எவ்வாறு தழுதழுக்கும் என்பதை ஊவாத் தோட்டத்தார் அறிவர்.